ஆற்றில் பிடித்த மீனை வாங்கலாமா?

கேள்வி: மூன்றடி மீன் தொட்டிக்கு கார்டினல் டெட்ரா என்ற சிறு அலங்கார மீன் வாங்கப் போனேன். "இது பண்ணை மீன், அது பிரேசில் ஆற்றில் பிடித்தது" என்று கடைக்காரர் இரண்டு தொட்டிகளைக் காட்டினார். ஆற்று மீனை வாங்கினால் காட்டின் அழிவுக்கு நானும் துணைபோனதாக ஆகாதா?

பதில்: கார்டினல் விஷயத்தில் நேர்மாறு. தயங்காமல் ஆற்று மீனையே வாங்குங்கள்.

இந்த மீனுக்குப் பேர்போன ஊர் அமேசானின் கிளையான ரியோ நீக்ரோ கரையில் உள்ள பார்சேலோஸ். இலைகள் ஊறி ஊறி அங்கே ஆற்றுநீர் கடுந்தேநீர் நிறத்தில் இருக்கும். மீன் பிடிப்பவர்களுக்குப் 'பியாபெய்ரோ' என்று பெயர். வெள்ளம் நிற்கும் காட்டுக்குள் சிறு படகில் போய், துடுப்பால் மெதுவாக அணைத்து ஓட்டிக் கைவலைக்குள் மீன்களைச் சேர்ப்பார்கள். கோடையில் தண்ணீர் வற்றும்போது எப்படியும் ஏராளமான கார்டினல்கள் செத்துப்போகும். பெரும்பாலானவை ஓராண்டைத் தாண்டுவதில்லை. நல்ல தொட்டியிலோ நான்கைந்து ஆண்டுகள் வாழும். எப்படியும் சாகக்கூடிய மீன்களைப் பிடிப்பதால்தான் இத்தனை காலம் ஆகியும் இனம் அருகவில்லை.

காடு நின்றால்தான் மீன், மீன் இருந்தால்தான் அடுப்பு எரியும். அந்தக் குடும்பங்கள் காட்டைக் காப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா? மீன் விலைபோகாவிட்டால் பிழைப்புக்கு மரம் வெட்டவும் தங்கம் தோண்டவும் போகவேண்டி வரும். மீனியல் அறிஞர் நிங் லாபிஷ் சாவ் 1989இல் தொடங்கிய 'பியாபா' திட்டத்தின் முழக்கமே "மீனை வாங்கு, மரத்தைக் காப்பாற்று" என்பதுதான். நம் மதுரை மல்லிக்குக் கிடைத்ததுபோல, ரியோ நீக்ரோ அலங்கார மீன்களுக்கும் 2014இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் தென்கிழக்கு ஆசியப் பண்ணைகளிலிருந்து கார்டினல் வரத் தொடங்கிய பிறகு அவர்களுடைய வியாபாரம் படுத்துவிட்டது. எனக்கு மனம் பொறுக்காத விஷயம் இது.

அதற்காக ஆற்று மீன் எல்லாமே நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கேரளத்து ஆறுகளின் டெனிசன் பார்ப், 'மிஸ் கேரளா' என்பார்களே, அதைக் கண்மண் தெரியாமல் அள்ளியதால் இன்று அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. ஆற்றில் பிடித்த மிஸ் கேரளாவைத் தொடவே வேண்டாம். ஆக, "எந்த மீன், எந்த ஆறு?" என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கார்டினல் என்று சொல்லி, பார்க்க அதேபோல இருக்கும் நியான் டெட்ராவைத் தலையில் கட்டுவதும் உண்டு. சிவப்புப் பட்டை உடல் நீளத்துக்கும் ஓடினால் கார்டினல்; வயிற்றுக்குப் பின்னால்தான் தொடங்குகிறது என்றால் நியான். கடைக்கு வந்து ஒரு வாரமாவது ஆன மீனாகக் கேளுங்கள். வயிறு ஒட்டியிருந்தால் எடுக்காதீர்கள். அப்புறம், தண்ணீர். நம் போர்வெல் தண்ணீரின் உப்பு ஆற்றுக் கார்டினலுக்கு ஆகாது. ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்து, காய்ந்த நாட்டுவாதுமை இலை இரண்டைப் போட்டு வையுங்கள். நிறம் லேசாகப் பழுப்பாக மாறியதும் பத்துப் பன்னிரண்டு மீன்களாகச் சேர்த்தே விடுங்கள். இரண்டு மூன்றாக விட்டால் மிரண்டு மூலையில் ஒதுங்கிவிடும்.