தேயிலை பெக்டரியில் இருக்கும் தொழிற்துறைக் கணினிக்கு வீடியோ கார்டும் நெட்வேர்க் கார்டும் பூட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நீங்கள் எழுதியிருக்கும் நிலைமை இது: தேயிலையை உலர்த்தும் ட்ரையர் பக்கத்தில் ஒரு தொழிற்துறைக் கணினி, அதில் ட்ரையரின் பிஎல்சி (ட்ரையரை இயக்கும் சிறிய கட்டுப்பாட்டுக் கணினி) இணைந்திருக்கிறது. இப்போது இரண்டாவது திரைக்கு ஒரு வீடியோ கார்டும், நான்கு கேமராக்களுக்கு நான்கு போர்ட் உள்ள பிஓஇ (நெட்வேர்க் கேபிளிலேயே மின்சாரமும் கொடுக்கும்) நெட்வேர்க் கார்டும் பூட்டச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக் கணினியில் பூட்டுவது போலத்தானே, வேறென்ன என்று கேட்கிறீர்கள்.

பூட்டுவது அதே மாதிரித்தான், 10 நிமிட வேலை. ஆனால் வீட்டுக் கணினி குழம்பினால் நாளைக்குப் பார்க்கலாம் என்று படுத்துவிடலாம். வாட்டப் போட்ட கொழுந்து நாளை வரை நிற்காது. 15 வருடமாக ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் இந்த வேலை செய்கிறேன். புதிதாகப் பூட்டிய கார்ட் வேலை செய்யாமல் போனதை அதிகம் பார்த்ததில்லை. அது வந்ததால், அதுவரை ஒழுங்காக ஓடிய வேறொன்று நின்றுபோனதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

ஒரு தடவை அது என் கையாலேயே நடந்தது. சித்திரை முடிந்து கொழுந்து குவிகிற நேரம். பின்னேரம் போய் இதே மாதிரி நான்கு போர்ட் கார்ட் ஒன்றைப் பூட்டினேன். கேமராக்கள் நான்கும் படம் காட்டின, தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கருக்கும் சந்தோஷம். ட்ரையர் அந்த நேரத்தில் ஓடவில்லை, ஆகவே வெப்பநிலைப் பக்கத்தை நான் திறந்து பார்க்கவே இல்லை. இரவு 2 மணிக்குத் தொலைபேசி வந்தது. உருட்டிய கொழுந்து ட்ரையருக்கு வரத் தொடங்கிவிட்டது, திரையில் வெப்பநிலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுதான் இருக்கிறது என்றார்கள். பிஎல்சி தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் திரையைப் பார்க்காமல் ட்ரையரை ஓட்டுவது லேசான காரியம் இல்லை. அன்று ட்ரையரில் நின்ற அண்ணன், ட்ரையரின் உடம்பில் பொருத்தியிருந்த பழைய டயல் தெர்மோமீட்டரை டோர்ச் அடித்துப் பார்த்துப் பார்த்தே விடியும்வரை ஓட்டி முடித்தார். அந்த இரவின் தேயிலை காப்பாற்றப்பட்டது அவரால்தான்.

விடியப் போய்ப் பார்த்தால் காரணம் இதுதான். அந்தப் பெட்டியில் இருந்தது லினக்ஸ். அதில் நெட்வேர்க் போர்ட்டின் பெயர் பெரும்பாலும் பிசிஐ பஸ் எண்ணை (கார்ட் இணையும் பாதைக்குக் கணினி கொடுக்கும் எண்ணை) வைத்தே அமையும். நான்கு போர்ட் பிஓஇ கார்டுகள் பலவற்றில் நான்கு தனித்தனி நெட்வேர்க் சில்லுகளும், அவற்றைச் சேர்க்க ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்விட்ச் சில்லும் இருக்கும். அப்படி ஒரு கார்ட் உள்ளே வந்தால் ஒன்றல்ல, பல பஸ் எண்களை எடுத்துக்கொள்ளும். அதனால் மதர்போர்டிலேயே இருந்த பழைய போர்ட்டின் எண் தள்ளிப்போய், பெயரும் மாறிவிட்டது. பிஎல்சிக்கான நிலையான ஐபி பழைய பெயரோடு கட்டப்பட்டிருந்தது. அந்தப் பெயரில் இப்போது போர்ட்டே இல்லை. திருத்த 2 நிமிடம் போதுமாக இருந்தது. வெப்பநிலைப் பக்கத்தைப் பார்க்காமல் வீட்டுக்குப் போனது என் பிழை.

ஆகவே உங்களுடையது லினக்ஸ் என்றால், கார்டைத் தொடுவதற்கு முன்பே ஒவ்வொரு போர்ட்டுக்கும் அதன் மேக் முகவரியை (போர்ட்டிலேயே பதிந்திருக்கும் தனி எண்ணை) வைத்து ஒரு நிரந்தரப் பெயர் கொடுத்துவிடுங்கள். லினக்ஸின் சிஸ்டம்டி லிங்க் என்ற அமைப்புக் கோப்பில் அதைச் செய்யலாம். விண்டோஸில் சிக்கல் வேறு வகை. கார்டை ஒரு ஸ்லாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் விண்டோஸ் அதைப் புதுக் கார்டாக எடுத்துக்கொள்ளும், பழைய ஐபியோ இல்லாத கார்டின் பெயரிலேயே கிடக்கும். அதே ஐபியைக் கொடுக்கப் போனால் ஏற்கெனவே வேறொரு அடாப்டருக்கு இருக்கிறது என்று சொல்லும். டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்லி, மங்கலாகத் தெரிகிற பழையதை நீக்கிவிட்டால் சரி.

இனி, பெட்டியைத் திறப்பதற்கு முன். முதலில் டிஸ்க்கின் முழு இமேஜ் ஒன்றை வெளி டிஸ்க்கில் எடுங்கள். அப்புறம் பயாஸ் (கணினி எழும்பும்போது பார்க்கும் அடிப்படை அமைப்பு) பக்கங்களை ஒவ்வொன்றாகப் போனில் படம் பிடியுங்கள். இது ஏன் என்றால், வருடக்கணக்கில் நிறுத்தாமல் ஓடிய கணினிகளில் பயாஸ் அமைப்பைப் பிடித்து வைக்கும் சிஆர் 2032 பட்டரி செத்துப்போயிருக்கும். மின்சாரம் இருக்கும்வரை அது வெளியே தெரியாது. கார்ட் பூட்ட வயரைக் கழற்றியதும் பயாஸ் தன் ஆரம்ப நிலைக்குப் போய்விடும், டிஸ்க்கோடு பேசும் சாட்டா முறை ஐடிஇ இலிருந்து ஏஎச்சிஐக்கோ மறுபக்கமாகவோ மாறிவிடும், விண்டோஸ் நீலத்திரையோடு நின்றுவிடும். கார்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் பழி கார்டுக்குத்தான் வரும். ஒரு புது பட்டரி கையோடு கொண்டுபோங்கள், ட்ரைவர்களையும் யூஎஸ்பியில் ஏற்றிக்கொள்ளுங்கள். ட்ரையர் அறையில் நின்று இன்டர்நெட் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

கார்டைக் கொழும்பில் வாங்குவதற்கு முன்பே ஒன்று பாருங்கள். உங்கள் கேமராக்கள் எந்த வகை? சாதாரண கண்காணிப்பு ஐபி கேமராக்கள் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும், ஒவ்வொன்றுக்கும் விநாடிக்குச் சில மெகாபிட்தான். அப்படியென்றால் நான்கு போர்ட் கார்ட் தேவையே இல்லை. ஒரு பிஓஇ ஸ்விட்சும் ஒரு காலி போர்ட்டும் போதும், பெட்டிக்குள் சூடும் குறையும். கொழுந்தின் அல்லது தேயிலையின் நிறத்தை அளக்கிற தொழிற்துறைக் கேமராக்கள் என்றால் கதை வேறு. 50 லட்சம் பிக்சல், ஒரு பிக்சலுக்கு ஒரு பைட், விநாடிக்கு 20 படம் என்றாலே 100 மெகாபைட். ஒரு கிகாபிட் போர்ட்டின் உச்சமே 125 மெகாபைட்தான். அதனால்தான் அவற்றுக்குத் தலைக்கு ஒரு போர்ட் வேண்டும்.

அங்கேதான் ஸ்லாட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். நான்கு கேமரா சேர்ந்தால் 400 மெகாபைட். பிசிஐ எக்ஸ்பிரஸ் முதல் தலைமுறையில் ஒரு லேனுக்கு (தரவு போகும் ஒரு தடத்துக்கு) விநாடிக்கு 250 மெகாபைட், இரண்டாவதில் 500. பழைய போர்டில் ஒற்றை லேன் ஸ்லாட்டில் இந்தக் கார்டைப் போட்டால் படங்கள் விட்டுவிட்டு வரும், நீங்கள் கேபிளைச் சந்தேகித்து மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். நீளத்தைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். தொழிற்துறைப் போர்டுகளில் 16 லேன் நீளமுள்ள ஸ்லாட்டுக்கு உள்ளே 4 லேன் மட்டும் இழுத்திருப்பது வழக்கம். கையேட்டில் அது எழுதியிருக்கும். கார்டின் உலோகப் பட்டை முழு உயரமா, குறைந்த உயரமா என்றும் அளந்து பாருங்கள். தவறான பட்டையோடு வந்தால் அதை மாற்றி எடுக்க நமக்கு ஒரு நாள் முழுதாகப் போய்விடும்.

மின்சாரக் கணக்கையும் போடுங்கள். பிஓஇயின் முதல் தரத்தில் ஒரு போர்ட் 15.4 வாட் வரை கொடுக்கும், நான்குக்கு 61.6 வாட். 4 லேன் ஸ்லாட் ஒன்று கொடுக்கக்கூடியது 25 வாட்தான். மிச்சத்துக்காகக் கார்டின் ஓரத்தில் தனி மின் இணைப்பு இருக்கும், அதைக் கட்டாயம் செருக வேண்டும். செருகாவிட்டால் கணினி கார்டைக் காணும், கேமரா மட்டும் உயிர் பெறாது. வீடியோ கார்டுக்கு 16 லேன் ஸ்லாட் 75 வாட் வரை தரலாம் என்பது தரநிலை. ஆனால் விசிறி இல்லாத சிறிய பெட்டிகளில் தயாரிப்பாளர் அதைவிடக் குறைவாக எல்லை வைத்திருப்பார். இரண்டு திரையில் வெப்பநிலையும் கேமராவும் காட்ட விளையாட்டுக் கார்ட் தேவையில்லை. விசிறியில்லாத, குறைந்த வாட் கார்ட் ஒன்றே போதும், தூசியில் அடைபட்டு நிற்க அதில் விசிறியே கிடையாதே.

தூசி என்றேன், நம் ஊருக்கே உரிய விஷயம் இது. தேயிலைத் தூசி ஈரத்தை உறிஞ்சும். அது ஸ்லாட்டுக்குள் படிந்து, மழைக்காலத்தில் ஈரமாகி, தொடுமுனைகளை அரித்துவிடும். கார்ட் பூட்டுவதற்கு முன் மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், தொடுமுனைகளை ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் துடையுங்கள். பெக்டரி கம்ப்ரசரின் காற்றை மட்டும் அடிக்க வேண்டாம். அதில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்தே வரும். இன்னொன்று, நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், தை மாசிக் காலையில் குளிர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வேனில் குளிர்ந்து வந்த கார்டை ட்ரையர் அறையில் பிரித்தால் கண்ணாடியில் படிவது போல அதில் நீர் படியும். பையைத் திறக்காமலே ஒரு மணி நேரம் அந்த அறையில் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு பிரியுங்கள். சிலர் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், நீங்கள் செய்யுங்கள்.

பூட்டும்போது மணிக்கட்டுப் பட்டி கட்டி, அதைப் பெட்டியின் உலோகத்தில் பிணையுங்கள். கார்டின் ஸ்குரூவோடு நிறுத்தாமல், பெட்டியில் கார்டுகளை மேலிருந்து அழுத்தும் குறுக்குப் பட்டையைத் திரும்பவும் பூட்டுங்கள். அவசரத்தில் அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனவர்களின் பெட்டிகளை நான் திறந்திருக்கிறேன். ரோலரும் சல்லடையும் ஆட்டுகிற ஆட்டத்தில் கார்ட் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்துவிடும்.

முதல் தடவை மின்சாரம் கொடுத்ததும் பழைய திரை கறுப்பாக நின்றால் பயப்பட வேண்டாம். பல போர்டுகள் வீடியோ கார்டைக் கண்டதும் தன் சொந்த வெளியீட்டை மூடிவிடும். கேபிளைப் புதுக் கார்டுக்கு மாற்றி பயாஸுக்குள் போய், உள் வெளியீடும் சேர்ந்து இயங்குகிற மாதிரி மல்டி மானிட்டர் அமைப்பை இயக்கி, எது முதன்மைத் திரை என்றும் சொல்லிக் கொடுங்கள். மின்சாரம் போய் வந்தால் தானாகத் தொடங்கும் அமைப்பையும் அதே இடத்தில் பார்த்துவிடுங்கள். மின்வெட்டில் ஜெனரேட்டருக்கு மாறும்போது கணினி எழும்பிவிட, திரை பிந்தி வந்தால், கணினி அந்தத் திரையே இல்லை என்று நினைத்து எல்லாவற்றையும் ஒரே திரையில் குவித்துவிடும். திரையின் தகவலைப் பிடித்து வைத்துக்கொள்கிற சிறிய இடிஐடி செருகி ஒன்றைக் கேபிளுக்கு நடுவில் போட்டால் இந்தத் தொல்லை தீரும்.

நெட்வேர்க் அமைப்பில் பிஎல்சி, அலுவலகம், கேமரா மூன்றும் வெவ்வேறு சப்நெட்டில் (தனித்தனி ஐபி வரிசையில்) இருக்கட்டும். தனித்தனி போர்ட்டில் வருகிற கேமராக்கள் என்றால் ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு சப்நெட். கேட்வே (வெளி நெட்வேர்க்குக்குப் போகும் வழி) அலுவலகப் பக்கத்துக்கு மட்டும் கொடுங்கள். இரண்டு கேட்வே கொடுத்தால் சில நாள் ஓடி, ஒரு நாள் ஓடாது. தொழிற்துறைக் கேமரா போர்ட்டுகளில் ஜம்போ பிரேமை (ஒரே பொதியில் அனுப்பும் அளவை) 9,000 பைட்டுக்கு உயர்த்துங்கள். உயர்த்தியது உண்மையில் போகிறதா என்று, துண்டாக்காமல் 8,972 பைட் பிங் (சோதனைப் பொதி) ஒன்றை அனுப்பிப் பாருங்கள். மின்சாரம் சேமிக்கக் கார்டை அணைக்கலாம் என்ற அடையாளத்தை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் புதுப் போர்ட்டைப் பொது நெட்வேர்க்காக எடுத்து பயர்வாலால் கேமராவை மறித்துவிடும், அதையும் பாருங்கள்.

கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கோ பங்களாவுக்கோ கேமரா கேபிள் வெளியே போகிறதென்றால், தயவுசெய்து செம்புக் கேபிள் இழுக்க வேண்டாம். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி எப்படி விழும் என்று மலையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பக்கத்து மரத்தில் விழுந்தாலும் அந்தக் கம்பி வழியாக உங்கள் புதுக் கார்டுக்கும், அதன் வழியாக போர்டுக்கும் வந்துவிடும். கட்டடத்துக்குக் கட்டடம் பைபர் (கண்ணாடி இழைக் கேபிள்) போட்டு, இரண்டு முனையிலும் பைபரைச் செம்புக்கு மாற்றும் கருவி வையுங்கள். கேமராவுக்கு அங்கேயே மின்சாரம் கொடுங்கள். செலவு கூடத்தான், ஆனால் கணினியே போனால் செலவு அதைவிடக் கூட.

பூட்டும் நாளைத் தெரிந்தெடுப்பதும் முக்கியம். சனிக்கிழமைக் கொழுந்து முடிந்த பிறகு ஞாயிறு மத்தியானம் நல்லது. கைக்காசுக்கு (அன்றைய கொழுந்துக்குத் தனியாகக் காசு கொடுத்து) ஞாயிறும் கொழுந்து எடுக்கிற பருவம் என்றால் தொடவே வேண்டாம், தள்ளிப்போடுங்கள். பூட்டி முடித்ததும் மூடியைப் போட்டு, முழுதாக அணைத்து அணைத்து மூன்று தடவை எழுப்புங்கள். அப்புறம் டீமேக்கரிடம் சொல்லி ட்ரையரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, வெப்பநிலை திரையில் ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். எந்தப் போர்ட் எதற்கு, என்ன ஐபி என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். இரவு 2 மணிக்கு அதைப் படிக்கப் போகிறவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.

பெட்டியின் மாதிரி எண், உள்ளே ஓடுவது விண்டோஸா லினக்ஸா, கேமராவின் பின்னால் எழுதியிருக்கும் விபரம், இந்த மூன்றையும் கீழே எழுதுங்கள். எந்த ஸ்லாட்டில் எதைப் போடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.