கணினிக் கேள்வி–பதில்: எந்த அமைவில் உடைகிறது கேர்னல்?

கேள்வி: காற்றின் தரத்தை அளக்கும் உணரி ஒன்றுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதி, அந்த இயங்குதளத்தின் மையமான கேர்னலின் மூலநிரலுக்குள் சேர்த்திருக்கிறேன். அது வெப்பநிலையை எச்டபிள்யூமொன் என்ற வன்பொருள் கண்காணிப்புத் துணை அமைப்பின் வழியாகவும் காட்டும். எனது மடிக்கணினியில் ஒரு பிழையும் இல்லாமல் பில்ட் ஆகிறது. ஆனால் நண்பர் ஒருவரின் அமைவுக் கோப்பில் (கேர்னலில் எவை சேர வேண்டும் என்று சொல்லும் கோப்பு), தொகுத்த துண்டுகளை இணைக்கும் இறுதிக் கட்டத்தில் லிங்கர் பிழை வருகிறது. எல்லா அமைவுகளிலும் தானாகவே பில்ட் செய்து பார்க்க வழி உண்டா?
– பல்கலைக்கழக மாணவர், திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

பதில்: எல்லா அமைவுகளிலும் என்பது எவராலும் முடியாத காரியம். கேர்னலில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட தெரிவுகள் உள்ளன. ஒன்றையொன்று சாராத 300 தெரிவுகளை மட்டும் ‘ஆம்’, ‘இல்லை’ என்று மாற்றினாலே கிடைக்கும் சேர்க்கைகளின் தொகை 91 இலக்க எண்ணாகிவிடும். ஆகவே, எந்தச் சேர்க்கைகளில் பிழை ஒளிந்திருக்கக்கூடும் என்று முதலில் யோசித்து, பிறகுதான் கணினியை ஓட விட வேண்டும்.

உங்கள் பிழை எங்கிருந்து வருகிறது என்பதை நீங்கள் தந்த விவரத்திலிருந்தே ஊகிக்கலாம். டிரைவர் போன்ற தெரிவுகளுக்குப் பெரும்பாலும் மூன்று நிலைகள் உண்டு: கேர்னலுக்குள்ளேயே சேர்வது, தேவைப்படும்போது ஏற்றும் தனி மொடியூலாக இருப்பது, இல்லாமலே போவது. நண்பரின் அமைவில் உங்கள் டிரைவர் கேர்னலுக்குள்ளேயும், எச்டபிள்யூமொன் மொடியூலாகவும் இருந்திருக்க வேண்டும். அந்தத் துணை அமைப்பு இருக்கிறதா என்று ‘இஸ் எனேபிள்ட்’ மூலம் நிரலில் சோதித்திருப்பீர்கள். மொடியூலாக இருந்தாலும் அந்தச் சோதனை ‘ஆம்’ என்றே சொல்லும். ஆதலால் தொகுப்பான் தடையின்றிக் கடந்துவிடுகிறது. கேர்னலை ஒன்றாக இணைக்கும் வேளையில்தான், மொடியூலுக்குள் இருக்கும் சார்பை உள்ளே இருந்து அழைக்க முடியாது என்று லிங்கர் நின்றுவிடுகிறது. உங்கள் டிரைவர் இருக்கும் அடைவை மாத்திரம் தொகுத்துப் பார்த்தால் இந்தப் பிழை ஒருநாளும் கண்ணில் படாது. முழுக் கேர்னலையும் இணைத்தே ஆக வேண்டும்.

பலரும் நம்பியிருக்கும் மூன்று ஆயத்த அமைவுகளும் இங்கே உதவ மாட்டா. ‘ஓல்யெஸ்கொன்பிக்’ இரண்டையும் உள்ளே சேர்க்கும், ‘ஓல்மொட்கொன்பிக்’ இரண்டையும் மொடியூலாக்கும், ‘ஓல்நோகொன்பிக்’ இரண்டையும் நீக்கும். மூன்றும் வெற்றி என்று சொல்லும். பிழையோ இரண்டு தெரிவுகளும் வெவ்வேறு நிலையில் இருக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

எனவே முதலில் உங்கள் டிரைவரைச் சுற்றியுள்ள சேர்க்கைகளை முழுமையாகச் சோதியுங்கள். டிரைவருக்கு இரண்டு நிலைகள், எச்டபிள்யூமொனுக்கு மூன்று நிலைகள், ஆக மொத்தம் ஆறே ஆறு பில்ட். ஒவ்வொன்றுக்கும் சில வரிகள் கொண்ட சிறு கோப்பொன்றை எழுதி, அதன் பெயரை ‘கேகொன்பிக் ஓல்கொன்பிக்’ என்ற சூழல் மாறியில் கொடுத்து, ‘ஓல்நோகொன்பிக்’கை இயக்குங்கள். நீங்கள் குறித்தவை நிலைபெற்று மற்றவை இயன்றவரை நீங்கிவிடுவதால், பழைய மடிக்கணினியிலும் பில்ட் விரைவில் முடியும். மொடியூல் ஆதரவுக்கான தெரிவையும், உங்கள் டிரைவர் சார்ந்திருக்கும் ஐ2சி (உணரிகளை இணைக்கும் தொடர்புப் பாதை) போன்றவற்றையும் அந்தக் கோப்பிலேயே சேர்த்துவிட வேண்டும்.

இங்கே ஒன்றை மிக அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். சார்புநிலை பொருந்தாவிட்டால் நீங்கள் குறித்த தெரிவு சத்தமில்லாமல் கைவிடப்படும். டிரைவரே இல்லாத கேர்னல் பில்ட் ஆகி, ஸ்கிரிப்டும் ‘வெற்றி’ என்று எழுதிவிடும். அமைவு உருவான உடனே, பில்ட் தொடங்கும் முன்பே, கேட்ட தெரிவுகள் கேட்ட நிலையிலேயே உள்ளனவா என்று ஸ்கிரிப்ட் பார்க்க வேண்டும். அந்தப் பரிசோதனை இல்லாத தானியங்கிச் சோதனையை நான் சோதனையாகவே கருதமாட்டேன்.

பிழையைத் திருத்துவதற்கு, தெரிவுகளையும் அவற்றின் சார்புநிலையையும் விவரிக்கும் கேகொன்பிக் கோப்பில் உங்கள் டிரைவர் ‘எச்டபிள்யூமொன் அல்லது எச்டபிள்யூமொன் அல்லாதது’ என்பதைச் சார்ந்திருப்பதாக ஒரு வரி எழுதினால் போதும். எப்போதும் உண்மையாகவே இருக்கும் பொருளற்ற கூற்றுப் போல அது தோன்றும். ஆனால் கேகொன்பிக் இல்லாததற்கு 0, மொடியூலுக்கு 1, உள்ளே சேர்ந்ததற்கு 2 என்று மதிப்பிட்டு, ‘அல்லாதது’ என்பதை 2இலிருந்து கழித்தும், ‘அல்லது’ என்பதை இரண்டில் பெரியதை எடுத்தும் கணக்கிடுகிறது. எச்டபிள்யூமொன் 0 அல்லது 2 ஆக இருந்தால் விடை 2; உங்கள் டிரைவர் எந்த நிலையிலும் இருக்கலாம். அது 1 ஆனால் கழித்து வருவதும் 1, விடையும் 1. டிரைவர் மொடியூலுக்கு மேல் போக முடியாது. உடைந்த சேர்க்கை இதனால் இல்லாமலே போய்விடுகிறது. திருத்திய பின், ஆறில் உடைந்த அந்தச் சேர்க்கையைக் கேட்டால் டிரைவர் மொடியூலாக மாறியிருக்கும். அதைத் தோல்வியாக அல்லாமல், எதிர்பார்த்த மறுப்பாகவே ஸ்கிரிப்ட் எண்ண வேண்டும்.

ஆறும் தேறிய பிறகு எழுமாற்று அமைவுகளுக்குப் போங்கள். ‘ராண்ட்கொன்பிக்’ தெரிவுகளை எழுமாறாக நிரப்பும். உங்கள் டிரைவரை மட்டும் முன்சொன்ன கோப்பினால் நிலைநிறுத்துங்கள். இல்லாவிட்டால் பல பில்ட்களில் அது இடம்பெறாமலே போகும். ஒவ்வொரு முறையும் திரையில் வரும் ‘கேகொன்பிக் சீட்’ எண்ணை, அதாவது எழுமாற்றுக்கு அடிப்படையான தொடக்க எண்ணை, பதிவுசெய்யுங்கள். ஆயினும் அதே எண் அதே அமைவைத் தருவது அதே மூலநிரலில்தான். ஆகையால் உருவான அமைவுக் கோப்பையே சேமிப்பதுதான் பாதுகாப்பு.

கேள்வி: இரவு முழுவதும் இப்படி ஓட விட்டால், இடையில் மின்சாரம் போனால் எல்லாம் வீண்தானே? மடிக்கணினியின் வன்தட்டிலும் இடம் குறைவு.
– வாசகி ஒருவர், சாவகச்சேரி

பதில்: வீணாகாது. ஒவ்வொரு பில்ட்டுக்கும் ‘ஓ சமன்’ என்ற தெரிவினால் மூலநிரலுக்கு வெளியே தனி அடைவு கொடுங்கள். முடிவை எழுதும் கோப்பு பில்ட் முடிந்த பின்னரே உருவாகட்டும். மீண்டும் தொடங்கும்போது அந்தக் கோப்பு உள்ளவற்றைத் தாண்டி, இல்லாதவற்றை அழித்துவிட்டு முதலிலிருந்து செய்யலாம். தேறிய பில்ட்டின் அடைவை உடனே நீக்கி, அமைவுக் கோப்பையும் பதிவுக் கோப்பையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டிபக் தகவலை நிறுத்தினால் பெரும் இடம் மிஞ்சும். நினைவகம் போதாமல் தொகுப்பான் கொல்லப்படுவதும், வன்தட்டு நிரம்பி எழுத முடியாமல் போவதும் கேர்னலின் பிழைகள் அல்ல. பதிவுக் கோப்பில் அவற்றை அடையாளம் கண்டு வேறாக ஒதுக்குங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் எல்லாக் கோர்களையும் ஒன்றாக ஓட்டினால் கணினி சூடேறி வேகம் குறைந்துவிடும். இணையாக ஓடும் வேலைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது நல்லது.

கேள்வி: இன்டெலின் கேர்னல் டெஸ்ட் ரோபோ, கேர்னல்சிஐ ஆகிய தானியங்கிச் சோதனைச் சேவைகள் இந்த வேலையைச் செய்கின்றனவே, நாம் ஏன் மெனக்கெட வேண்டும்? நேற்றுவரை பில்ட் ஆன அமைவு இன்று உடைந்தால் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
– மென்பொருள் பொறியியலாளர், கோப்பாய்

பதில்: அவை பொதுவில் வந்த நிரலைத்தான் சோதிக்கும். உங்கள் கணினியிலேயே இருக்கும் நிரலை நீங்கள்தான் சோதிக்க வேண்டும். மற்றவர்களின் நேரத்தை மதிப்பதும் அதில் அடங்கும்.

அமைவை உடைத்த மாற்றத்தைத் தேட, மூலநிரலின் வரலாற்றைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதிக்கும் ‘கிட் பைசெக்ட் ரன்’ என்ற கட்டளை இருக்கிறது. உங்கள் ஸ்கிரிப்ட் 0 திருப்பினால் நல்லது என்றும், 1 முதல் 127 வரை திருப்பினால் கெட்டது என்றும் அது கொள்ளும்; இடையிலுள்ள 125 மட்டும் ‘இதைச் சோதிக்க இயலாது, தாண்டிப் போ’ என்று பொருள்படும். ஒவ்வொரு படியிலும் சேமித்த அமைவைப் பிரதிசெய்து, புதிய தெரிவுகளுக்கு இயல்பு மதிப்பை இடும் ‘ஓல்ட்டெஃப்கொன்பிக்’கை இயக்கி, தேவையான தெரிவு இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் 125. அந்த ஒரு வரியை விட்டுவிட்டால், தொடர்பே இல்லாத ஒருவரின் மாற்றத்தில் பழி விழும். டேட்டாவை மிச்சம்பிடிக்க வரலாறு இல்லாத மேலோட்டப் பிரதியை இறக்கியிருந்தால் பைசெக்ட் செய்ய முடியாது. முழு வரலாற்றையும் ஒரு தடவை இறக்கித்தான் ஆக வேண்டும்.

பில்ட் தேறியது கேர்னல் எழும்பும் என்பதற்குச் சான்றாகாது. கியூஎமு மெய்நிகர்க் கணினியில் துவக்கிப் பார்க்கும் படியையும் சேருங்கள். பில்ட், துவக்கம், பைசெக்ட் ஆகியவற்றை ஒன்றாகச் செய்யும் ‘கேடெஸ்ட்’ என்ற பேர்ள் ஸ்கிரிப்ட் மூலநிரலின் ‘டூல்ஸ்’ அடைவுக்குள் ‘டெஸ்டிங்’ பகுதியிலேயே கிடைக்கிறது. பிழையை அறிவிக்கும்போது அமைவுக் கோப்பு, கமிட் எண் (மாற்றத்தின் அடையாள எண்), தொகுப்பானின் பதிப்பு, பதிவுக் கோப்பில் முதலில் வந்த பிழை ஆகிய நான்கையும் இணைத்து அனுப்புங்கள்.