ட்ரூமனும் அந்த 10,000 டாலரும்

கேள்வி: அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஹாரி ட்ரூமன் அதற்கு முன்பு கவுண்டி கோர்ட் ஜட்ஜாக இருந்தாராமே? சட்டப் பட்டமே இல்லாதவர் எப்படித் தீர்ப்புச் சொன்னார்? ஊழல் கும்பலின் தயவில் வந்தும் கை சுத்தமாக இருந்தார் என்கிறார்கள், நம்பலாமா?

பதில்: அவர் ஒரு வழக்கில்கூடத் தீர்ப்புச் சொன்னதில்லை. கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. மிசூரி மாநிலத்தில் அன்றைக்குக் கவுண்டி கோர்ட் என்பது பெயரளவில்தான் கோர்ட். வரிப்பணத்தைச் செலவு செய்வது, ரோடும் பாலமும் போடுவது, முதியோர் இல்லத்தைக் கவனிப்பது. இதுதான் அங்கிருந்த மூன்று ஜட்ஜுகளுக்கும் வேலை. தேர்தலில் ஜெயித்தால் போதும், பட்டம் தேவையில்லை. கடை நொடித்துக் கடனில் நின்ற ட்ரூமன் 1922-ல் ஜாக்சன் கவுண்டியில் ஜெயித்தார், 1924-ல் தோற்றார், 1926-ல் தலைமை ஜட்ஜாகத் திரும்பி வந்து எட்டு வருடம் இருந்தார்.

தயவு என்றீர்களே, அது உண்மை. கான்சாஸ் சிட்டியில் டெமாக்ரடிக் கட்சியைக் கைக்குள் வைத்திருந்தவர் டாம் பெண்டர்காஸ்ட். அவருடைய அண்ணன் மகன் முதல் உலகப் போரில் ட்ரூமனோடு இருந்தவர். அந்தப் பழக்கத்தில் வந்த வாய்ப்புதான் இது.

இனி கைசுத்தம். 1928-ல் ரோடு போட 65 லட்சம் டாலர் கடன் பத்திரத்துக்கு மக்கள் ஓட்டுப் போட்டுச் சம்மதித்தார்கள். பெண்டர்காஸ்ட் ஆட்களுக்குத்தான் காண்ட்ராக்ட் என்று ஊரே நினைத்தது. குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்று ட்ரூமன் பிடிவாதமாக நின்றார். புது ரோடு அவருடைய அம்மாவின் பண்ணையில் 11 ஏக்கரை எடுத்துக்கொண்டது. மகன் ஜட்ஜாக இருந்ததால் அந்த அம்மாவுக்கு ஒரு காசு நஷ்டஈடு கிடைக்கவில்லை. 1940-ல், மகன் செனட்டராக இருந்தபோதே, அந்தப் பண்ணை கடனுக்கு ஏலம் போனது. ஆக, தன் பைக்கு எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. இதை நான் முழுதாக நம்புகிறேன்.

ஆனால் புகழ்கிறவர்கள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். பிக்விக் ஹோட்டல் அறையில் தனியாக உட்கார்ந்து ட்ரூமன் எழுதிய குறிப்புகள் இருக்கின்றன. பெண்டர்காஸ்டின் நண்பன், ஒரு கொலைகாரன், கவுண்டி பணத்தில் சுமார் 10,000 டாலர் திருடத் தான் விட்டுக்கொடுத்ததாக அதில் அவரே எழுதியிருக்கிறார். அதை விடாவிட்டால் கடன் பத்திரப் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல் போயிருக்கும் என்பது அவருடைய கணக்கு. அப்புறம் தன்னையே கேட்கிறார்: நான் செய்தது சரியா, இல்லை குற்றத்துக்கு உடந்தையா? தெரியவில்லை என்று எழுதுகிறார்.

யாரும் கேட்காமலே இதை எழுதி வைத்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இருந்தாலும் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்: அது உடந்தைதான். அந்தப் பத்தாயிரம் ட்ரூமனுடையதாக இருந்தால் அவர் விட்டுக்கொடுத்திருக்கலாம். அது ஜாக்சன் கவுண்டியில் வரி கட்டியவர்களுடைய பணம். ரோட்டுக்கு அவர்களிடம் ஓட்டுக் கேட்டார்கள், இதற்குக் கேட்கவில்லை.