நாய்க்கு வாங்கிய சி.பி.டி. எண்ணெய் நம் ஊர் வெயிலில் எத்தனை நாள் தாங்கும்? கேள்வி பதில்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கால்நடை மருந்துக் கடையில் 28 ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்தேன். பசுவுக்குக் கால்சியம், ஆட்டுக்குக் குடற்புழு மருந்து என்று நடந்த கடைக்குக் கடைசி சில ஆண்டுகளில் சிறிய பழுப்புப் புட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நாய், பூனை வளர்ப்பவர்கள் வரத் தொடங்கினார்கள். மூட்டு வலிக்கோ வலிப்புக்கோ மருத்துவர் எழுதிக் கொடுத்த சி.பி.டி. எண்ணெய் அது. கஞ்சாச் செடியில் இருக்கும், போதை தராத கன்னபிடியால் என்ற பொருளைத்தான் சுருக்கமாக சி.பி.டி. என்கிறார்கள். எவ்வளவு கொடுப்பது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வாங்கிய எண்ணெயைக் கெடாமல் வைத்துக்கொள்வது பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

லாஸ்பேட்டையிலிருந்து: அக்கா, எங்கள் லாப்ரடாருக்கு 13 வயது. ஜனவரியில் 8 சொட்டிலேயே மாடிப்படி ஏறினான். மே மாதம் அதே புட்டியில் 12 சொட்டு கொடுத்தும் எழுந்திருக்கச் சிரமப்பட்டான். இப்போது புதுப் புட்டி வாங்கியிருக்கிறேன். 12 சொட்டையே தொடரலாமா?

வேண்டாம் தம்பி. மருத்துவரைக் கேட்காமல் ஒரு சொட்டும் கூட்டிக் கொடுக்காதீர்கள். முதலில் அந்தப் பழைய புட்டியை எங்கே வைத்திருந்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். சமையலறை ஜன்னல் ஓரமா? ஃபிரிட்ஜின் தலைமேலா? அப்படியானால் நான்கு மாதத்தில் வெயிலும் வெக்கையும் அதன் வீரியத்தைக் குறைத்திருக்கக்கூடும். 8 சொட்டு செய்த வேலையை 12 சொட்டாலும் செய்ய முடியாமல் போகும். புதுப் புட்டியில் வீரியம் முழுதாக இருக்கிறது. அதிலும் 12 சொட்டு கொடுத்தால், தேவைக்கு ஒன்றரை மடங்கு உள்ளே போகும். வயதான நாயின் கல்லீரல் அதைத் தாங்க வேண்டும். வேறு மாத்திரைகளும் சாப்பிடுகிறான் என்றால் இன்னும் கவனம் தேவை, ஏனென்றால் பல மருந்துகளை உடைக்கும் கல்லீரல் நொதிகளின் வேலையை சி.பி.டி. மந்தப்படுத்தும்.

நோயே முற்றியிருக்கவும் கூடும். புட்டி கெட்டதா, மூட்டு கெட்டதா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். நீங்கள் பழைய புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பாதுகாப்பாக வைப்பது பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு உங்களுடைய இந்த நிலைமைதான் காரணம். கெட்ட எண்ணெயால் நாய்க்கு வலி குறையவில்லை என்பதோடு விஷயம் முடிவதில்லை, நமக்கே அளவு குழம்பிப்போகிறது.

இன்னொன்று. சொட்டை எண்ணாதீர்கள். தண்ணீரில் ஏறக்குறைய 20 சொட்டு ஒரு மில்லி. எண்ணெயின் சொட்டு குளிரில் ஒரு பருமன், வெயிலில் ஒரு பருமன். கோடு போட்ட டிராப்பரில் மில்லியாக அளந்து கொடுங்கள். 30 மில்லி புட்டியில் 300 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம். அடுத்த புட்டி வேறு வீரியத்தில் வந்தாலும் கணக்குத் தவறாது.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து: அம்மா, கெட்டுப்போனதை எப்படிக் கண்டுபிடிப்பது? காலாவதித் தேதி இன்னும் ஒரு வருடம் இருக்கிறது.

அந்தத் தேதி மூடி திறக்காத புட்டிக்கு, அதுவும் சொன்ன வெப்பத்தில் வைத்திருந்தால். திறந்த நாளை ஒரு துண்டு பிளாஸ்திரியில் எழுதிப் புட்டியில் ஒட்டிவிடுங்கள். நான் கண் மருந்திலிருந்து காது மருந்துவரை எல்லாவற்றுக்கும் இதைத்தான் செய்வேன்.

புட்டிக்குள் இரண்டு பொருள்கள் இருக்கின்றன, இரண்டும் தனித்தனியாகக் கெடும். ஒன்று சி.பி.டி. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது வேறு சேர்மங்களாக மாறும். எண்ணெய் கருத்து வரும், சில சமயம் ஊதா நிறம் தட்டும். மற்றொன்று அதைக் கரைத்து வைத்திருக்கும் தாய் எண்ணெய். தேங்காயிலிருந்து பிரித்தெடுக்கும் எம்.சி.டி. எண்ணெயில் கரைத்திருந்தால் நெடுநாள் நிற்கும். ஆலிவ் எண்ணெய் நடுத்தரம். சணல் விதை எண்ணெய் என்று விற்கிறார்களே, அந்தக் கஞ்சா விதை எண்ணெயில் கரைத்திருந்தால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும், மீன் எண்ணெய்போலக் காற்றோடு வேகமாகச் சேரும் கொழுப்பு அதில் அதிகம். நம் வீட்டு நல்லெண்ணெய் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்கு எள்ளிலேயே இருக்கும் சீசமால் போன்ற பொருள்கள் காவல் நிற்பதுதான் காரணம். எல்லா எண்ணெய்க்கும் அந்தக் காவல் இல்லை.

ஆகவே வாங்கிய அன்றே ஒரு முறை முகர்ந்து வையுங்கள். புல் வாடை, மண் வாடை இயல்பு. பழைய முறுக்கு டப்பாவைத் திறந்ததுபோல வாடை வந்தால் அந்தப் புட்டி வேண்டாம். நேற்றுவரை நக்கிச் சாப்பிட்ட நாய் இன்று முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதையும் மதியுங்கள். அதன் மூக்கு நம் மூக்கைவிடக் கெட்டி.

தேவனாம்பட்டினத்திலிருந்து: வெளிநாட்டுக் காணொளிகளில் அலமாரியில் வைத்தால் போதும் என்கிறார்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் அடியில் வெள்ளையாகப் படிகிறது. எதைக் கேட்பது?

அவர்கள் அலமாரியும் நம் அலமாரியும் ஒன்றல்ல. குளிர்ந்த இடம் என்று மருந்து உறையில் அச்சிட்டிருந்தால் மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் இந்திய மருந்து நூல் (பார்மகோபியா) கணக்குப்படி அது 8 முதல் 25 டிகிரி செல்சியஸ். கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை எப்போது 25 டிகிரிக்கு இறங்கும்? மார்ச் முதல் செப்டம்பர்வரை நம் கடலோரத்தில் ஃபிரிட்ஜ்தான் சரி என்பது என் கருத்து. மார்கழி, தை மாதங்களில் இருட்டான பீரோ அடித்தட்டு போதும். புட்டியோடு வந்த தாளில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

ஃபிரிட்ஜில் கதவுப் பக்கம் வேண்டாம், திறக்கும் ஒவ்வொரு முறையும் சூடு ஏறி இறங்கும் இடம் அது. உள்ளே நடுத்தட்டில், ஒரு மூடிய டப்பாவுக்குள் நிமிர்த்தி வையுங்கள். சாய்த்து வைத்தால் டிராப்பரின் ரப்பர் எண்ணெயில் ஊறி இளகிவிடும். ஃப்ரீசரில் வைக்க வேண்டிய தேவையே இல்லை.

வெள்ளைப் படிவு கெடுதல் அல்ல. தாய் எண்ணெயின் மெழுகோ, வீரியம் கூடிய எண்ணெயாக இருந்தால் சி.பி.டி.யே படிகமாக இறங்கியதோ ஆக இருக்கலாம். ஆனால் அப்படியே மேலாக உறிஞ்சிக் கொடுத்தால் இன்று மருந்து குறையும், கடைசி வாரம் அடிமண்டியில் இருப்பதெல்லாம் ஒரே வேளையில் போகும். வெதுவெதுப்பான நீர் உள்ள டம்ளரில் புட்டியைச் சில நிமிடங்கள் நிறுத்தி, படிவு கரைந்ததும் நன்றாகக் குலுக்கி அளந்து கொடுங்கள். கொதிக்கும் நீர் கூடாது.

எங்கள் ஊர்க்காற்றுக்கு ஒரு சிறப்பு எச்சரிக்கை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் புட்டியைத் திறக்காதீர்கள். வெளியே வியர்த்து நிற்கும் அதே ஈரம் உள்ளேயும் இறங்கும். பத்து நிமிடம் மேசைமேல் இருக்கட்டும், துணியால் துடைத்துவிட்டுத் திறங்கள்.

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து: வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. மணலுக்குள் பானை வைத்து ஈரம் தெளித்தால் போதுமா?

போதாது, ஆனால் ஒன்றும் செய்யாததைவிட நல்லது. ஈரம் ஆவியாகும்போதுதான் பானை குளிரும். காற்று வறண்டிருக்கும் நாளில் நன்றாகக் குளிரும், கடற்காற்று ஈரத்தைச் சுமந்து வரும் நாளில் பானை மெதுவாகவே ஆவி விடும். வெளிச்சம் படாமல் காக்கும் என்பது பானையின் இன்னொரு நன்மை. புட்டியை மூடிய டப்பாவுக்குள் போட்டு, டப்பாவைப் பானைக்குள் வையுங்கள், நீர் புகக் கூடாது. 30 மில்லிக்குப் பதில் 10 மில்லிப் புட்டியாக வாங்குங்கள் ஐயா. கெடுவதற்குள் தீர்ந்துவிடும்.

முத்தியால்பேட்டையிலிருந்து: பாரிஸிலிருந்து அண்ணன் வரும்போது எங்கள் நாய்க்கு ஒரு பெரிய புட்டி கொண்டுவந்தார். அங்கே கடையிலேயே விற்கிறார்களாம். எப்படிப் பத்திரப்படுத்துவது?

புதுச்சேரியில் இந்தக் கேள்வி எத்தனை வீடுகளில் இருக்கிறதோ! தங்கை, அதைப் பத்திரப்படுத்த நான் வழி சொல்ல மாட்டேன். அந்த நாட்டில், கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி. 0.3 விழுக்காட்டுக்குள் இருந்தால் பூவிலிருந்து எடுத்ததையும் விற்கலாம். நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சாச் செடியின் பூக்கதிரையும் பிசினையும் தடைக்குள் வைத்திருக்கிறது. பூ சேராத இலையும் விதையும்தான் அந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன. இங்கே சீட்டின் பேரில் கிடைப்பவை இலையிலிருந்து ஆயுஷ் உரிமத்தோடு தயாராகும் எண்ணெய்கள். அண்ணனின் அன்பு பெரிது, ஆனால் அடுத்த முறை கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நாயின் நலனைப் பார்த்தாலும் அது வேண்டாம். மனிதர்களுக்கான எண்ணெயில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கலாம், அது நாய்க்கு நஞ்சு. டி.எச்.சி.க்கு நாய்கள் நம்மைவிட எளிதில் ஆட்படும். தள்ளாடும், சிறுநீர் தானாகச் சொட்டும், சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடும்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: கடையில் சணல் விதை எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறது. இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. விதை எண்ணெயில் சி.பி.டி. கிட்டத்தட்ட இல்லை. அது உணவு எண்ணெய், நல்ல கொழுப்பு உண்டு, வலிக்கு மருந்தாகாது.

உப்பளத்திலிருந்து: நேரடியாக வாயில் விடும்போது எங்கள் பெண் நாய் டிராப்பரை நக்கிவிடுகிறாள். துடைத்துவிட்டு மறுபடி புட்டியில் போடலாமா?

துடைத்தால் போதாது. எச்சிலோடு கிருமியும் உணவுத் துணுக்கும் புட்டிக்குள் போகும். ஒரு கரண்டியிலோ பிஸ்கட் துண்டின் மேலோ அளந்து விட்டுக் கொடுங்கள், டிராப்பர் எதையும் தொட வேண்டாம். கொஞ்சம் சோறும் கருவாட்டு வாசனையும் இருந்தால் எந்தப் பெண்ணும் மறுக்க மாட்டாள். டிராப்பரைத் தண்ணீரில் கழுவினால் முழுதும் காய்ந்த பிறகே புட்டிக்குள் போக வேண்டும்.

ரெட்டியார்பாளையத்திலிருந்து: பெரிய புட்டி விலை குறைவு. வாங்கிச் சின்னப் பிளாஸ்டிக் புட்டிகளில் பிரித்து வைக்கலாமா?

பிளாஸ்டிக் வேண்டாம், சி.பி.டி. அதில் ஒட்டி உறிஞ்சப்பட்டுவிடும். பழுப்புக் கண்ணாடிதான். பிரிக்கும்போது எல்லாவற்றிலும் காற்றுப் படும் என்பதால் நான் பிரிக்கச் சொல்வதில்லை. பாதி காலியான புட்டியில் பாதி காற்று நிற்கிறது, அது எண்ணெயை விடாமல் அரிக்கும். சின்னப் புட்டி வாங்கி இரண்டு மாதத்துக்குள் தீர்ப்பதுதான் நிஜமான சிக்கனம்.

மீண்டும் தேவனாம்பட்டினத்திலிருந்து, வேறொருவர்: 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது எங்கள் தெருவில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. பூனைக்கு இன்சுலினும் நாய்க்கு இந்த எண்ணெயும் ஃபிரிட்ஜில் இருந்தன. இரண்டையும் எறிய வேண்டியிருக்குமா?

இரண்டையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். எண்ணெய்க்கு இரண்டு நாள் மழைக்காலக் குளிர் ஒன்றும் செய்யாது, தொடர்ந்து கொடுக்கலாம். இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. எத்தனை மணி நேரம் எந்தச் சூட்டில் இருந்தது என்று சொல்லி மருத்துவரிடம் கேட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். கார்த்திகை பிறந்தால் ஒரு சிறிய ஐஸ் பெட்டி தயாராக இருக்கட்டும். இன்சுலின் புட்டி ஐஸைத் தொடாமல் நடுவில் துணி சுற்றி வையுங்கள். உறைந்த இன்சுலின் பயன்படாது.

மஞ்சக்குப்பத்திலிருந்து: பூனைக்கு மீன் எண்ணெய் கொடுக்கிறோம். அதற்கும் இதே முறைதானா?

இதைவிடக் கண்டிப்பாக. சிக்கு பிடித்த மீன் எண்ணெய் பூனையின் உடலில் இருக்கும் வைட்டமின் ஈ-யைத் தின்றுவிடும். தொடர்ந்து போனால் தோலுக்கடியில் உள்ள கொழுப்பே வீங்கி வலிக்கும், தொட்டாலே கத்தும். மீன் வாடை எப்போதும் இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். புது மீனின் வாடையும் பழைய எண்ணெயின் காட்டமான வாடையும் வேறு என்பதைக் கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

குருமாம்பேட்டிலிருந்து: மேசைமேல் இருந்த புட்டியைக் குட்டிநாய் கடித்து உடைத்துக் குடித்துவிட்டால்?

கண்ணாடித் துண்டும் உள்ளே போயிருக்கலாம், நீங்களாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள். புட்டியின் லேபிளோடு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். உங்கள் பகுதியிலேயே ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இனி பூட்டுள்ள தட்டில் வையுங்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கட்டாயம்.

லாஸ்பேட்டைத் தம்பி திரும்பவும்: மருத்துவரைப் பார்த்தோம் அக்கா, புதுப் புட்டியில் பழைய அளவையே சொன்னார். பழையதை எங்கே கொட்டுவது?

நல்ல செய்தி. சாக்கடையிலும் தெருக் குப்பையிலும் ஊற்றாதீர்கள், தெரு நாய்கள் நக்கும். வடிகட்டிய காபித்தூள் சக்கையிலோ மண்ணிலோ ஊற்றிப் பிசைந்து, ஒரு பையில் இறுகக் கட்டி, குப்பை வண்டி வரும் நேரத்தில் கையில் கொடுத்துவிடுங்கள். புதுப் புட்டியில் இன்றைய தேதியை எழுதினீர்களா?