தம்பியின் டிஎன்டியைத் தாங்கும் கோட்டை

கேள்வி: நானும் தம்பியும் பிளாக் அடுக்கிக் கட்டும் மைன்கிராஃப்ட் விளையாட்டில் ஒரே வேர்ல்டில் ஆளுக்கொரு கோட்டை கட்டுகிறோம். எனக்கு 16 வயது, அவனுக்கு 11. மூன்று வாரம் பார்த்துப் பார்த்துக் கட்டிய என் கோபுரத்தை டிஎன்டி வெடி வைத்து ஒரே சாயங்காலத்தில் தூக்கிவிட்டான். கேட்டால் "போர்னா அப்படித்தான்" என்கிறான். எங்களுக்குச் சர்வைவலில், அதாவது பொருளைத் தேடிச் சேர்த்து உயிர் பிழைக்கும் முறையில், ஆடத்தான் பிடிக்கும். கோட்டையை எப்படிக் காப்பாற்றுவது? சண்டையில்லாமல் ஆட வழி உண்டா?

பதில்: தம்பி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. யாரும் தாக்க வராத கோட்டை வெறும் பெரிய வீடுதான். ஆனால் டிஎன்டியின் திரி எரிவது நான்கே நொடி. மூன்று வார வேலையை நான்கு நொடியில் தீர்த்துவிடலாம் என்றால் கட்டுகிறவர் எப்போதும் தோற்பார், கட்டும் ஆசையும் போய்விடும். அதனால் முதலில் மாற்ற வேண்டியது மதிலை அல்ல, வெற்றி என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதை. இடித்தவர் ஜெயித்தார் என்பதை விட்டுவிட்டு, நுழைந்தவர் ஜெயித்தார் என்று வையுங்கள்.

இதற்கு ஒரு பேனர், அதாவது கொடி போதும். ஆறு கம்பளி, ஒரு குச்சி. கோட்டைக்குள் ஏதாவது ஓர் அறையில் நடுங்கள். எந்த பிளாக்கையும் உடைக்காமல் வெளியிலிருந்து அங்கே வந்துசேர ஒரு வழியாவது இருக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எதிராளி பேனரை எடுத்துப்போய்த் தன் கோட்டையில் நட்டுவிட்டால் அவருக்கு வெற்றி.

இருவர் ஆட்டத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தாக்கக் கிளம்பினால் இரண்டு கோட்டையும் காலி. முற்றுகையிடுபவர் உழிஞைப் பூவும் மதில் காப்பவர் நொச்சிப் பூவும் சூடுவது பழந்தமிழ் மரபு. அதையே முறைவைத்துக்கொள்ளுங்கள்: இன்று அவன் உழிஞை, நீங்கள் நொச்சி, அடுத்த முறை மாறிக்கொள்ளுங்கள். சூரியன் உதித்ததிலிருந்து மறுநாள் உதிக்கும்வரை ஒரு முற்றுகை. விளையாட்டில் ஒரு முழு நாள் நம் கணக்கில் 20 நிமிடம், அதுவே சரியான அளவு. மற்ற நாளெல்லாம் கட்டுகிற நாள், அப்போது எதிர்க் கோட்டைக்குள் கால் வைக்கக் கூடாது.

முற்றுகைக்கு முன்பு வேர்ல்டை ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். கணினிக்கான ஜாவா பதிப்பில் வேர்ல்டு பட்டியலில் எடிட் பக்கத்தில் பேக்கப் இருக்கும். போனிலும் கன்சோலிலும் ஓடும் பெட்ராக் பதிப்பில் வேர்ல்டு அமைப்புகளில் காப்பி. ஒரு நிமிட வேலைதான். நானும் அக்காவும் ஆடிய காலத்தில் இதைச் செய்யாமல் இழந்த ஒரு மணிக்கூண்டு இன்றும் நினைவில் நிற்கிறது.

இரண்டு கோட்டைக்கும் நடுவே 100 முதல் 120 பிளாக் தூரம் விடுங்கள். ஜாவாவில் தலைக்கு மேல் மிதக்கும் பெயர் 64 பிளாக்குக்குள் சுவர் தாண்டியும் தெரியும், அதற்குள் கட்டினால் யார் எந்த அறையில் என்பது வெட்டவெளிச்சம். ரொம்பத் தள்ளிப் போனாலும் சுவையில்லை. ரெண்டர் தூரம், அதாவது திரையில் தெரியும் எல்லை, 8 சங்க் என்றால் 128 பிளாக். அதற்குள் இருந்தால்தான் அவன் கோபுரம் உயர்வதை உங்கள் மதில்மேல் நின்று பார்க்கலாம். முற்றுகை நடக்கும்போது மட்டும் குனிந்து நடங்கள், சுவருக்குப் பின்னால் பெயர் மறைந்துவிடும்.

அடுத்து அளவு. பக்கத்துக்கு 40 பிளாக், உயரம் 8, கனம் ஒன்று எனச் சதுர மதில் எழுப்ப 1,248 கல் வேண்டும். வெட்டினால் காபிள்ஸ்டோன் என்ற உடைகல்தான் கிடைக்கும். அத்தனையையும் சுட்டுக் கல்லாக்க 156 கரி ஆகும், ஒரே ஃபர்னஸ் உலையில் போட்டால் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். எட்டு ஃபர்னஸில் பிரித்துப் போட்டால் 26 நிமிடம். பக்கத்துக்கு 24 என்று குறைத்துக்கொண்டால் 736 கல்லோடு முடிந்துவிடும். சின்னக் கோட்டையைச் சுற்றி ஓடிக் காப்பதும் எளிது, என் ஓட்டு அதற்கே.

டிஎன்டியைத் தடை செய்ய வேண்டாம், எண்ணிக்கை வையுங்கள். முற்றுகைக்குப் பத்து போதும். ஒரு டிஎன்டிக்கு ஐந்து கன்பவுடர், நான்கு மணல். பத்துக்கு ஐம்பது கன்பவுடர் சேர்க்க, கொன்றால் அதைத் தரும் கிரீப்பர் என்ற வெடிக்கும் அரக்கனை அவன் இரவெல்லாம் வேட்டையாட வேண்டியிருக்கும். உங்கள் பக்கம் தண்ணீர் இருக்கிறது. தண்ணீருக்குள் வெடிக்கும் டிஎன்டி எந்த பிளாக்கையும் உடைக்காது, பக்கத்தில் நிற்பவரைத்தான் காயப்படுத்தும். அதனால் மதிலின் வெளிமுகத்தில் மேலிருந்து தண்ணீர் வழியவிடலாம். அப்படியே விட்டால் அவன் அந்த அருவியில் நீந்தியே மேலே ஏறிவிடுவான். உச்சியில் ஒரு வரிசை பிளாக்கை வெளியே நீட்டி, அதன் அடியிலிருந்து தண்ணீரை விடுங்கள். ஏறி வந்தாலும் தலை முட்டும். பேனர் அறைக்கு மட்டும் அப்சிடியன் என்ற கடுங்கல் போடலாம். டிஎன்டி அதை அசைக்காது, சாதாரண வைரக் கடப்பாறைக்கே ஒரு பிளாக்கை வெட்ட 9 நொடிக்கு மேல் பிடிக்கும்.

அகழி ஐந்து பிளாக் அகலம் இருக்கட்டும். ஓடித் தாண்டினால் நான்கு வரை கடந்துவிடலாம். எறிந்த இடத்துக்கே ஆளைக் கொண்டுபோகும் எண்டர் பேர்ல் கிடைத்துவிட்டால் அகழியும் மதிலும் ஒரே வீச்சு. முற்றத்துக்குக் கூரை போடுங்கள், அல்லது ஆளுக்கு ஒரு பேர்ல்தான் என்று பேசிக்கொள்ளுங்கள்.

ஆனால் கோட்டையைக் காப்பது வாசல்தான். அக்காவின் கோட்டையில் பெரிய இரும்புக் கதவு, இருபுறமும் டார்ச், உள்ளே நீளமான நடை. நான் மூன்று முறை அதன் வழியே ஓடினேன். நடை முடியுமிடத்தில் வெறும் சுவர், மேலே துளையிலிருந்து அம்பு. உண்மையான வழி அகழியின் அடியில், கடற்பாசி மறைத்த இரண்டு பிளாக் ஓட்டை. மூச்சுக்குமிழிகள் ஒவ்வொன்றாக உடைய உடைய அதைத் தேடிக் கண்டுபிடித்த அந்தக் கணத்துக்காகவே நான் இன்றும் கோட்டை கட்டுகிறேன். எத்தனை அப்சிடியன் அடுக்கினாலும் அந்தச் சுகம் வராது.

கிரீப்பர் வந்து இடித்ததற்கு ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லாமலிருக்க, உயிர்கள் பிளாக்கைச் சேதப்படுத்த விடும் மாப் க்ரீஃபிங் விதியை அணைத்துவிடுங்கள். செத்தாலும் பொருள் கையிலேயே நிற்கும் கீப் இன்வென்டரி விதி இயங்கட்டும், செத்தவர் பொருளை எடுத்த சண்டை வராது. 1.18 பதிப்பிலிருந்து ஒளி அளவு பூஜ்யமாக இருக்கும் இடத்தில்தான் பகை உயிர்கள் முளைக்கும், ஆகவே ஓரளவு டார்ச் வைத்தாலே கோட்டைக்குள் தொல்லை இல்லை. விலையுயர்ந்தவற்றை எண்டர் செஸ்ட் என்ற பெட்டியில் வையுங்கள். அதில் நீங்கள் வைத்தது உங்களுக்கு மட்டுமே தெரியும்.

அவன் ஐந்து வயது சின்னவன். இடத்தை முதலில் அவன் தேர்ந்தெடுக்கட்டும், குன்று கேட்டால் கொடுத்துவிடுங்கள். முதல் முற்றுகையும் அவனுடையதாக இருக்கட்டும்.

இடிந்த கோபுரத்தைப் பழைய இடத்திலேயே எழுப்பாதீர்கள். டிஎன்டி தோண்டிய பள்ளம் அங்கே தயாராக இருக்கிறது. அதை இருபுறமும் நீட்டித் தண்ணீர் நிரப்பினால் அகழியில் கால்வாசி வேலை முடிந்தது, மதிலை அதற்கு உள்ளே தொடங்குங்கள்.