சொகுசு ரயிலும் ராஜஸ்தான் தோட்டங்களும் – கடிதம்

வணக்கம்.

ராஜஸ்தான் கோட்டைகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். வரும் பிப்ரவரியில் அம்மாவை ‘பேலஸ் ஆன் வீல்ஸ்’ ரயிலில் அழைத்துப் போகலாமென்று நானும் தம்பியும் பேசிக்கொண்டிருக்கிறோம். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி உண்டு. கோட்டையைவிடச் செடிகொடிகளில்தான் அவருக்கு ஆசை. பயணத்திட்டத்தைப் பார்த்தால் தினமும் கோட்டை, அரண்மனை, கடைவீதி என்றே இருக்கிறது. பாலைவனத்தில் பார்ப்பதற்குத் தோட்டம் என்று ஏதாவது உண்டா? அவ்வளவு பணம் கொடுத்துப் போகலாமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

தோட்டங்கள் உண்டு, நிறையவே உண்டு. ஆனால் ரயில்காரர்களின் திட்டத்தில் அவற்றுக்கு நேரம் குறைவு. அந்த நேரத்தை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

1982 ஜனவரி 26 அன்று தொடங்கப்பட்ட ரயில் இது. செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை ஓடும். புதன் மாலை டெல்லி சப்தர்ஜங் நிலையத்தில் ஏறினால் வியாழன் ஜெய்ப்பூர், வெள்ளி காலை சவாய் மாதோபூர், மாலை சித்தோர்கர், சனி உதய்பூர், ஞாயிறு ஜெய்சால்மர், திங்கள் ஜோத்பூர், செவ்வாய் பரத்பூர், ஆக்ரா, அடுத்த புதன் காலை மறுபடி டெல்லி. ஓட்டம் பெரும்பாலும் இரவில்தான். நீங்கள் தேர்ந்தெடுத்த பிப்ரவரி சரியான மாதம். டிசம்பர், ஜனவரியில் டெல்லி, ஆக்ரா பக்கம் மூடுபனி இறங்கினால் ரயில் மணிக்கணக்கில் தாமதமாகும். தாமதமாகிற நேரமெல்லாம் ஊர் பார்க்கிற நேரத்தில்தான் கழியும்.

அம்மாவிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ராஜஸ்தான் தோட்டத்தில் பூவைத் தேடினால் ஏமாற்றமாக இருக்கும், தண்ணீரைத் தேட வேண்டும். மழை அரிதான நிலத்தில் தோட்டம் என்பது முதலில் ஒரு நீர்ப்பாசன வேலை. எந்த ஏரியிலிருந்து வருகிறது, எப்படி மேலே ஏறுகிறது, மிச்சம் எங்கே வடிகிறது என்று பார்த்துக்கொண்டே போனால் பூக்காத நாளிலும் அந்தத் தோட்டங்கள் அலுக்காது.

ஜெய்ப்பூரில் ஆமேர் கோட்டைக்கு ஜீப்பில் ஏறுங்கள். யானைச் சவாரி வேண்டாம். ஏறி இறங்குவது அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது, சரிவான கல்பாதையில் நாள் முழுக்க ஆள் சுமப்பது யானைக்கும் ஆகாது. மேலே கண்ணாடி மாளிகையில் கூட்டம் மொய்க்கும். அதற்கு நேர் எதிரே, சிறிய தோட்டத்தின் மறுபக்கம், சுக் நிவாஸ் என்ற கூடம் இருக்கிறது. அதன் தரையில் ஒரு பளிங்கு வாய்க்கால் ஓடுவதைக் காட்டுங்கள். சுவரில் சரிந்திறங்கும் நீர் கூடத்தின் குறுக்கே ஓடி, காற்றைக் குளிர்வித்துவிட்டு, வெளியே பாத்திகளுக்குப் போகும்படி கட்டியிருக்கிறார்கள். அறையைக் குளிர்வித்த அதே நீர்தான் செடிக்கும். அடிவாரத்து மாவோட்டா ஏரியிலிருந்து கட்டம் கட்டமாக இறைத்து மேலே கொண்டுவந்த நீர் என்பதால் ஒரு சொட்டையும் வீணாக்க மனம் வராது. ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கேசர் கியாரி தோட்டத்தை மேலிருந்து பார்த்தாலே போதும். நட்சத்திர வடிவப் பாத்திகளின் அழகு மேலிருந்துதான் தெரியும்.

சித்தோர்கரில் தோட்டம் என்று சொல்ல அதிகமில்லை. 37 மீட்டர் உயர வெற்றித் தூணில் 157 படிகள், அதை அம்மா கீழிருந்தே பார்க்கட்டும். ஒரு காலத்தில் கோட்டை நிற்கும் மலைமேல் 84 நீர்நிலைகள் இருந்ததாகச் சொல்வார்கள். இன்று இருப்பவை 22. பாறை வெடிப்பில் ஊற்று வடியும் கோமுக் குளத்தை மேல்விளிம்பில் நின்று பார்க்கலாம், படியிறங்க வேண்டியதில்லை. முற்றுகைக் காலத்தில் கோட்டை தாக்குப்பிடித்தது இந்த நீரால்தான்.

நேரம் கேட்டு வாங்க வேண்டிய ஊர் உதய்பூர். அங்கே சஹேலியோன் கி பாரி என்ற தோட்டம், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் சங்கிராம் சிங் மகாராணா அரண்மனைப் பெண்களுக்காக அமைத்தது. சமதரை, அம்மா தடியில்லாமலே நடக்கலாம். நடுக்குளத்தைச் சுற்றி விதானத்தின் விளிம்பிலிருந்து நீர் விழும்போது மழை பெய்கிற ஓசை கேட்கும். தாமரைக் குளத்தில் நான்கு பளிங்கு யானைகள் துதிக்கையால் நீர் பீய்ச்சும். இவற்றை இயக்கப் பம்பு தேவைப்படவில்லை. தோட்டத்தைவிட உயரத்தில் பதே சாகர் ஏரி இருக்கிறது. அங்கிருந்து குழாயில் இறங்கும் நீரின் அழுத்தமே ஊற்றாக எழுகிறது. ஏரிமட்டம் குறைந்தால் அழுத்தமும் குறையும், இந்த ஏற்பாட்டின் பலவீனம் அதுதான். குழுவோடு போனால் அரைமணி நேரத்தில் பேருந்துக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். முந்தைய இரவே ரயில் மேலாளரிடம் சொல்லிவிட்டு, மதிய உணவுக்குப் பிறகு வரும் கடைவீதிச் சுற்றை விட்டுவிடுங்கள். ஒரு டாக்ஸி பிடித்தால் இரண்டு மணி நேரம் உங்களுடையது. ரயில் கிளம்பும் நேரத்தை மட்டும் மேலாளரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அதே ஊரின் சிட்டி பேலஸில் அமர் விலாஸ் என்ற முற்றத்தைத் தவறவிடக் கூடாது. நான்காம் மாடி அளவுக்கு ஏறிப் போனால் அங்கே பெரிய மரங்கள் நிற்கும். மாடியில் மண் கொட்டி வளர்த்ததல்ல. சுமார் 27 மீட்டர் உயரப் பாறைக்குன்றைச் சுற்றி அரண்மனையைக் கட்டிக்கொண்டே போய், குன்றின் உச்சியைத் தோட்டமாக விட்டிருக்கிறார்கள். மரங்கள் நிற்பது குன்றின் சொந்த மண்ணில். படிகள் குறுகல், திருப்பங்கள் அதிகம், திரும்பி இறங்க இடமிருக்காது. கூட்டம் சேருமுன் காலையில் முதல் ஆட்களாகப் போங்கள்.

உதய்பூரிலிருந்து ஜெய்சால்மர்தான் பயணத்தின் நீண்ட இரவு ஓட்டம். பெட்டியின் நடுவிலுள்ள கேபினை முன்பதிவின்போதே கேளுங்கள். இரு முனைகளிலும் சக்கரங்களுக்கு மேல் வரும் கேபின்களில் ஆட்டம் கூடுதல், மூட்டுவலி உள்ளவர்களுக்குத் தூக்கம் கெடும். பெரிய சூட்கேஸ் வேண்டாம். துணிப்பையாக இருந்தால் கட்டிலுக்கடியில் போகும், குளியலறைக்குப் போகும் வழியில் அம்மாவுக்குக் கால் இடறாது.

ஜெய்சால்மர் கோட்டைக்குள் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். அங்கே பிரச்சினை தண்ணீர் வந்ததுதான். முன்பு கடிசர் ஏரியிலிருந்து குடத்தில் சுமந்து அளந்து செலவழித்தார்கள். குழாய் வந்தது, விடுதிகள் வந்தன, கழிவுநீர் மணற்கல்லுக்கு அடியிலிருக்கும் களிமண் அடுக்கில் ஊறியது, கொத்தளங்கள் சரிந்தன. உள்ளே தங்கும் விடுதிகளை ஆதரிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன். ரயிலில் போகிறவர்களுக்கு அந்தத் தேவையே இல்லை.

ஜோத்பூரில் மெஹரான்கர் கோட்டைக்கு மேலே போக லிஃப்ட் இருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போதே அதற்கும் சேர்த்து எடுங்கள். கோட்டைச் சுவரை ஒட்டிக் கீழே சோகேலாவ் பாக் என்ற பழைய தோட்டம், 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பாழாகிக் கிடந்ததை மீட்டு எடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு அடுக்கு முழுக்க நிலவொளிக்கென்றே வெள்ளைப் பூச்செடிகள்.

கோட்டையின் மறுபக்கம் சுமார் 70 ஹெக்டேரில் ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா. நம்மூர்க்காரர்கள் அவசியம் பார்க்க வேண்டிய இடம், காரணம் சீமைக்கருவேலம். 1930-களில் ஜோத்பூர்ப் பகுதியான மார்வாரில் பரப்பிய அந்த மரம் பாறைவெளி முழுவதையும் மூடியிருந்தது. வெட்டினால் துளிர்க்கும் என்பது நமக்குத் தெரியும், துளிர்க்கும் பகுதி மண்ணுக்கடியில் ஓரடிக்கு மேல் இருக்கிறது. நம்மூரில் ஜேசிபி வைத்துத் தோண்டலாம், எரிமலைப் பாறையின் வெடிப்பில் வேர்விட்டதை எப்படித் தோண்டுவது? 2006-இல் வேலை தொடங்கியபோது இதற்கு வழி காட்டியவர்கள் கண்ட்வாலியா எனப்படும் கல்லுடைக்கும் தொழிலாளிகள். பாறையைச் சுத்தியலால் தட்டி, எழும் ஓசையை வைத்தே எங்கே பாறை உறுதி, எங்கே விரிசல் என்று கண்டுபிடித்து, அங்கே உளி வைத்து வேரின் கழுத்துவரை பிளந்து எடுத்தார்கள். அந்தக் குழிகளில்தான் மார்வாரின் சொந்தச் செடிகளை நட்டார்கள். பிப்ரவரியில் பூங்கா வறண்டிருக்கும், பசுமை மழைக்குப் பிறகுதான். ஆனாலும் செடிகளை அறிந்தவர் அம்மா என்றால் கள்ளி வகைகளிலேயே நேரம் போய்விடும். பாதை கரடுமுரடு, நுழைவாயிலை அடுத்துள்ள பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆக்ராவில் தாஜ் மஹாலின் நீண்ட நீர்த்தொட்டி ஊற்றுகளைக் கவனியுங்கள். எல்லாம் ஒரே உயரத்தில் எழ வேண்டுமென்பதற்காக ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு செம்புப் பாத்திரம் வைத்தார்கள். குழாய் நீர் நேரே ஊற்றுக்குப் போகாமல் முதலில் பாத்திரங்களில் நிரம்பும், பிறகு ஒன்றாக எழும். நீரை மேலே ஏற்றியது மாடுகள் இழுக்கும் தோல்பை, நம் கொங்குக் கவலை இறைப்பேதான்.

ராஜஸ்தான் தோட்டக்கலையின் உச்சம் என்று நான் கருதும் டீக் அரண்மனை இந்தத் திட்டத்தில் இல்லை. பரத்பூரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர்தான். கூரைமேல் பெரிய நீர்த்தொட்டி, அதன் சுவரில் வரிசையாகத் துளைகள், ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு குழாய் ஒரு ஊற்றுக்கு. துளைக்குள் சாயப்பொடி முடிச்சை வைத்து அடைப்பைத் திறந்தால் வண்ண நீர் எழும். ஊற்றுகளை ஓடவிடுவது திருவிழா நாட்களில் மட்டும். டெல்லியில் இறங்கியபின் தனியாகக் கார் வைத்துப் போய் வாருங்கள்.

பணத்துக்கு வருகிறேன். ஏழு இரவும் பெட்டி கட்டி அவிழ்க்கும் வேலையில்லை, படுக்கை மாறாது, சாப்பாடு நேரத்துக்கு வரும். முழங்கால் வலியுள்ள ஒருவருக்கு இது பெரிய விஷயம், அதற்காகக் கொடுக்கலாம். தோட்டம் மட்டுமே நோக்கம் என்றால் கொடுக்க வேண்டாம் என்பேன். டெல்லி நிஜாமுதீன் நிலையத்திலிருந்து மாலை கிளம்பும் மேவார் எக்ஸ்பிரஸ் பரத்பூர், சவாய் மாதோபூர், சித்தோர்கர் வழியாகவே மறுநாள் காலை உதய்பூர் சேர்க்கிறது. அதில் ஏசி வகுப்பில் போய் உதய்பூரில் மூன்று நாள், ஜோத்பூரில் இரண்டு நாள் தங்கினால் அம்மா தன் போக்கில் பார்க்கலாம். கட்டணம் சில மடங்கு குறையும். சொகுசு ரயில்தான் என்று முடிவெடுத்தால், சனி பிற்பகலும் திங்கள் மாலையும் குழுவோடு வரமாட்டோம் என்பதை முன்பதிவு மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள்.