பழைய ஹாப்ப (மேடைக்குள்ள பதிச்சு வைக்கற கேஸ் அடுப்பு) கழட்டிட்டு அதே கிரானைட் ஓட்டையில புதுசு மாட்ட முடியுமா, இல்ல மேடைய வெட்டணுமா?

மாட்டலாம். ஆனா "பழசும் 60 செ.மீ., புதுசும் 60 செ.மீ., அப்ப சரியா உக்காந்துடும்ல"ன்னு கேட்டிருக்கீங்க பாருங்க, அங்கதான் நானும் கவுந்தேன். அந்த 60 மேல தெரியுற கண்ணாடியோட அகலம். ஓட்டைக்குள்ள எறங்குறது கண்ணாடி இல்ல, அதுக்கு கீழ இருக்கற தகரப் பெட்டி, அது ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு அளவு.

எங்க வீடு தாம்பரம் பக்கம் ஒரு பழைய ஃப்ளாட். நாலு பர்னர் ஹாப், ஒன்பது வருஷம் ஓடுச்சு, கடைசில ரெண்டு பர்னர் லைட்டர் இல்லாம பத்தாது, ஒரு நாப் திருப்பினா கையோட வந்துடும். சரின்னு ஆஃபர்ல ஒண்ணு ஆன்லைன்ல வாங்கிட்டேன். மாட்ட வந்த தம்பி பழச தூக்கிட்டு புதுச எறக்கினா முன்பக்கம் உக்காருது, பின்பக்கம் தூக்கிட்டு நிக்குது. டேப் வச்சு பாத்தா ஓட்டை 560க்கு 470 மில்லிமீட்டர், புது ஹாப் மேனுவல்ல கேக்கறது 560க்கு 490. வெறும் ரெண்டு சென்டிமீட்டர், கட்டைவிரல் அகலம் அவ்ளோதான். "கட்டிங்லாம் எங்க வேலை இல்லக்கா"ன்னு தம்பி கெளம்பிட்டான். அன்னைக்கு ராத்திரி எங்க அத்தை பரண்ல கெடந்த ரெண்டு பர்னர் ஸ்டவ்வ எறக்கி ஓட்டைக்கு பக்கத்துல வச்சு தோசை சுட்டாங்க, ஒரு வார்த்தை சொல்லல, திட்டியிருந்தாகூட பரவால்லன்னு இருந்துச்சு.

அதனால ஆர்டர் போடறதுக்கு முன்னாடி பழச ஒரு தடவ கழட்டி ஓட்டைய அளந்துடுங்க. ரெகுலேட்டர ஆஃப் பண்ணி சிலிண்டர்லருந்து எடுத்துடுங்க, பிளக் இருந்தா அதையும் புடுங்கிடுங்க, ட்யூப கழட்டி, கீழ கப்போர்டுக்குள்ள படுத்து கிளாம்ப் ஸ்க்ரூவ லூஸ் பண்ணா வந்துடும். சிலிக்கான் போட்டு ஒட்டியிருந்தா பிளேடால மெதுவா அறுங்க, ஸ்க்ரூ ட்ரைவர விட்டு நெம்பாதீங்க, டஃபன்ட் கண்ணாடி (பலப்படுத்தின கண்ணாடி) நடுவுல ஓரளவு அடி தாங்கும், ஓரத்துல ஒரு சின்ன அடி பட்டா மொத்தமா பொலபொலன்னு கொட்டிடும். அளக்கறப்ப ஒரே எடத்துல அளந்துட்டு விட்டுடாதீங்க, மேஸ்திரி கையால வெட்டினது, முன்பக்கம் 560 இருக்கும் பின்பக்கம் 555 இருக்கும். மூணு எடத்துல பாத்து இருக்கறதுலயே சின்ன அளவ எடுத்துக்கோங்க. ஃப்ரிட்ஜ் அட்டப்பெட்டி ஏதாவது இருந்தா புது மாடலோட கட்அவுட் சைஸுக்கு (மேனுவல்ல கேக்கற ஓட்டை அளவு) ஒரு அட்டை வெட்டி ஓட்டையில எறக்கிப் பாருங்க. அட்டை எறங்கினா ஹாப்பும் எறங்கும்.

ஓட்டை சின்னதா இருந்தா பிரச்சனை இல்ல, வெட்டிக்கலாம். பெருசா இருந்தாதான் தலவலி. கண்ணாடி ஓட்டைய தாண்டி நாலு பக்கமும் ஒரு சென்டிமீட்டராவது கிரானைட் மேல உக்காரணும். என் ஃபிரண்டு 78 செ.மீ. ஹாப் இருந்த எடத்துக்கு 60 வாங்கி, அது அப்படியே உள்ள விழுந்துடும் போல இருந்துச்சு. கிரானைட் பட்டி ஒட்டலாம், ஸ்டீல் ஃப்ரேம் அடிக்கலாம்னு ஆளுக்கொண்ணு சொன்னாங்க, பேசாம ரிட்டர்ன் போடுன்னுட்டேன். பழைய கலர் கிரானைட் எங்க மேட்ச் ஆகப் போகுது?

வெட்டறதா இருந்தா எந்தப் பக்கம்னு நீங்க சொல்லுங்க, வர்றவர் இஷ்டத்துக்கு விடாதீங்க. எங்க மேடையில முன்னாடி ஆறரை சென்டிமீட்டர்தான் கல்லு மிச்சம், பின்னாடி பத்து. வந்த அண்ணன் முன்னாடிதான் கை வாட்டம்னு கிரைண்டர முன்பக்கம் வச்சாரு, நான் கத்தி நிறுத்தினேன். முன்னாடி பட்டி மெலிஞ்சா ஒரு நாள் குக்கர டமால்னு வைக்கறப்ப விரிசல் விட்டுடும். பின்னாடி வெட்டியும் சுவருக்கு எட்டு சென்டிமீட்டர் இருக்கு, மேனுவல் கேட்டது அஞ்சுதான். மூலைய கூரா வெட்ட விடாதீங்க, லேசா வளைவா இருக்கணும், விரிசல் பெரும்பாலும் அந்த கூர் மூலையிலருந்துதான் கெளம்பும். தண்ணி ஊத்தி ஊத்தி வெட்டச் சொல்லுங்க, அப்படியும் அந்த வெள்ளத் தூசி பூஜை ரூம் வரைக்கும் போச்சு. அரிசி டப்பாலாம் வேற ரூமுக்கு மாத்திடுங்க. எனக்கு கூலி 1500 ஆச்சு.

ஓட்டைக்கு கீழ ட்ராயர் இருந்தா பெட்டியோட ஆழமும் கேஸ் உள்ள போற எல்போ (வளைஞ்ச பைப் முனை) எந்தப் பக்கம்னும் பாத்துக்கோங்க, ட்ராயர மூடறப்ப ட்யூப் நசுங்கக் கூடாது.

அப்புறம் கேஸ். உங்க ஏரியாவுக்கு பைப் கேஸ் வந்துடுச்சுன்னா வாங்கறப்பவே சொல்லிடுங்க, சிலிண்டருக்கு ஒரு ஜெட் (பர்னருக்கு கேஸ் வர்ற சின்னத் துளை), பைப் கேஸுக்கு வேற ஜெட். சிலிண்டர் ஜெட்டோட பைப் கேஸ் குடுத்தா தீ நோஞ்சானா எரியும், பைப் கேஸ் ஜெட்டுக்கு சிலிண்டர் குடுத்தா மஞ்சளா உயரமா எரிஞ்சு பாத்திரமெல்லாம் கரி. பழைய ஆரஞ்சு ட்யூபையே திரும்ப மாட்டறதுக்கு முன்னாடி மேல அச்சடிச்சிருக்கற தேதிய பாருங்க, அஞ்சு வருஷம் தாண்டியிருந்தா தூக்கிப் போடுங்க. சிலிண்டர் அதே கப்போர்டுக்குள்ள இருந்தா கதவுல கீழ்ப்பக்கம் காத்துப் போக ஓட்டை இருக்கணும், சிலிண்டர் கேஸ் காத்த விட கனம், லீக் ஆனா கீழதான் தேங்கும்.

எல்லாம் மாட்டினதும் சோப்பு நுரைய ஜாயிண்ட்ல எல்லாம் தடவிப் பாருங்க, முட்டை முட்டையா வந்தா லீக். தீக்குச்சி கொளுத்திப் பாக்கற வேலையே வேணாம். வாசனை வந்தா ஸ்விட்ச் எதையும் தொடாம, ரெகுலேட்டர மூடி ஜன்னல தொறந்துட்டு வெளிய வந்து சிலிண்டர் கேஸ் லீக்குக்கான அவசர நம்பர் 1906க்கு அடிங்க.